பாலியல் கல்வி: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்கும், அந்தக் குழுக்களை அமைக்கும் கல்வி அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். எந்தப் பள்ளி, எந்த ஊர் என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. ஒரு குழந்தை தன் உடலைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ளலாம், எந்த வயதில் தெரிந்துகொள்ளலாம் என்பதை, அது எந்த மாநிலத்தில், எந்த மாவட்டத்தில் படிக்கிறது என்பதே இன்று முடிவு செய்கிறது. பாடம் நடத்தும் முறை இடத்துக்கு இடம் மாறட்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எந்தக் குழந்தைக்கும் மறுக்கக்கூடாத ஒரு குறைந்தபட்சப் பகுதி எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஒரே நாட்டுக்குள் விதிகள் எவ்வளவு மாறமுடியும் என்பதற்குப் பிரிட்டனைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2020 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளிகளில் உறவுகள் பற்றிய பாடமும், உயர்நிலைப் பள்ளிகளில் உறவுகளும் பாலியலும் சேர்ந்த பாடமும் கட்டாயம். பாலியல் பகுதி மட்டும் வேண்டாமென்று பெற்றோர் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைக்கு 16 வயது ஆவதற்கு மூன்று பருவங்கள் இருக்கும் கட்டத்திலிருந்து, பிள்ளையே விரும்பினால் வகுப்பில் உட்காரலாம். பக்கத்தில் இருக்கும் வேல்ஸில் 2022 முதல் படிப்படியாக, 3 வயதிலிருந்து 16 வயதுவரை கட்டாயமாக்கிவிட்டார்கள். பெற்றோர் விலக்கிக்கொள்ள அங்கே வழியில்லை. ஸ்காட்லாந்தில் சட்டக் கட்டாயம் கிடையாது, அரசின் வழிகாட்டுதல் மட்டும் உண்டு. வட அயர்லாந்தில் ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு கொள்கை எழுதிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. 2023-இல் லண்டன் அரசு தலையிட்டு, கருத்தடை, கருக்கலைப்புச் சேவை பற்றிய தகவல்களை உயர்நிலை வகுப்புகளில் கட்டாயமாக்கியது. அப்பா அம்மாவுக்கு வேலை மாற்றல் வந்து வீடு மாறினால், பிள்ளைக்குத் தெரியவேண்டியதும் மாறிப்போகிறது.

அமெரிக்காவில் இது இன்னும் துண்டு துண்டாக இருக்கிறது. நாடு முழுவதற்குமான சட்டம் அங்கே கிடையாது. கலிஃபோர்னியாவில் 2016-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, நடுநிலை வகுப்புகளில் ஒரு முறையும் உயர்நிலை வகுப்புகளில் ஒரு முறையும் முழுமையான பாலியல் நலக் கல்வி தரவேண்டும். சொல்வது மருத்துவ ரீதியில் சரியாக இருக்கவேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. மிசிசிப்பியில் 2011-இல் வந்த சட்டம், திருமணம்வரை உடலுறவிலிருந்து விலகியிருப்பதை மட்டும் சொல்வதா, அதோடு கருத்தடை பற்றியும் கொஞ்சம் சொல்வதா என்று ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தேர்ந்துகொள்ளச் சொன்னது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி வகுப்பு, பெற்றோர் முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும், ஆணுறையை எப்படிப் பயன்படுத்துவது என்று செய்து காட்டக்கூடாது. அதாவது மாநில எல்லையைத் தாண்டவே வேண்டாம், மாவட்ட எல்லையைத் தாண்டினாலே பாடம் வேறு. இன்னொன்றும் உண்டு. இந்தப் பாடத்தில் சொல்லப்படும் தகவல் மருத்துவ ரீதியில் சரியாக இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருப்பவை அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கும் குறைவு. கணக்குப் பாடத்தையோ வரலாற்றையோ இப்படி எழுதி வைக்க எந்தக் குழுவாவது சம்மதிக்குமா?

என் வகுப்பில் ஓர் அட்டைப் பெட்டி வைப்பது வழக்கம். ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் எழுதவேண்டாம், மனதில் இருக்கும் கேள்வியை எழுதிப் போடுங்கள் என்பேன். கேள்வி இல்லாதவர்களும் 'கேள்வி இல்லை' என்று எழுதியாக வேண்டும். அப்போதுதான் எல்லோருடைய பேனாவும் ஓடும், யார் எழுதுகிறார் என்று பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கமாட்டார். அப்படி ஒரு தடவை வந்த தாளில், அழுத்தி எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தது: 'ஒரு பக்கம் மட்டும் மார்பில் கட்டி மாதிரி இருக்கு. தொட்டா வலிக்குது. எனக்கு கேன்சரா?'

பருவமடையும்போது மார்பு வளர்ச்சி ஒரு பக்கத்தில் முதலில் தொடங்குவது மிகச் சாதாரணம். காம்புக்குக் கீழே காசு போல ஒரு சின்னத் திரட்சி வரும், இடித்தால் வலிக்கும், கொஞ்ச நாளில் மறுபக்கமும் தொடங்கிவிடும். ஆண் பிள்ளைகளிலும் பலருக்கு இது வந்து, ஓரிரு ஆண்டுகளில் தானாகவே வடிந்துவிடும். இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காததால், ஒரு குழந்தை எத்தனை இரவுகள் சாவை நினைத்துக்கொண்டு படுத்திருந்ததோ தெரியாது. தூக்கத்தில் விந்து வெளியேறுவதைத் தீராத நோய் என்று நம்பி, போலி மருத்துவர்களிடம் பணத்தைக் கொட்டும் இளைஞர்களும் இப்படித்தான் உருவாகிறார்கள். அவர்களுக்கும் எட்டாம் வகுப்பில் நான்கு வரி போதுமாயிருந்திருக்கும்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி உண்டா என்பதுகூட இடத்தைப் பொறுத்தது. ஓர் இடத்தில் சொல்வது என் கடமை. இன்னோர் இடத்தில் பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் வாய் திறக்கக்கூடாது. வேறோர் இடத்தில் சொன்னால் என்மேல் புகார் போகும். கேட்ட பிள்ளைக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வியிலும் மருத்துவத்திலும் உலகமே திரும்பிப் பார்க்கும் நாடு. அங்கே ஐந்தாம் வகுப்பு அறிவியலில் கருவின் வளர்ச்சி பாடமாக இருக்கிறது. ஆனால் கருவுறுதல் எப்படி நிகழ்கிறது என்ற பகுதியைக் கையாள வேண்டாம் என்று தேசியப் பாடத்திட்டமே எழுதி வைத்திருக்கிறது. நடுநிலைப் பள்ளியின் உடல்நலப் பாடத்திலும் அதே மாதிரி ஒரு தடை உண்டு. பாலுறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயது அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக 13 என்றே இருந்து, 2023-இல்தான் 16 ஆக உயர்ந்தது. சம்மதிக்கும் வயது வந்துவிட்டது என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்த அதே பிள்ளையிடம், எதற்குச் சம்மதிக்கிறாய் என்பதைச் சொல்லித்தரக்கூடாது என்றது பாடத்திட்டம்.

நீங்கள் எழுதும் விதிகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் 2015-இல் புதிய பாடத்திட்டம் வந்தது. 2018-இல் ஆட்சி மாறியதும் அதை எடுத்துவிட்டு, 1998-இல் எழுதியதற்குத் திரும்பினார்கள். கைபேசியில் படம் அனுப்பும் வசதியே இல்லாத காலத்தில் எழுதியது அது. கையில் கைபேசியோடு வளரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் நடத்தச் சொன்னார்கள். எதிர்ப்பு எழுந்தது, 2019-இல் இன்னொரு பாடத்திட்டம் வந்தது. இடையில் அந்த வகுப்புகளைக் கடந்து போன பிள்ளைகளுக்கு யாரும் திரும்ப நடத்தப்போவதில்லை. பக்கத்து கியூபெக், 2000-களில் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தபோது பாலியல் கல்விக்கான தனி இடத்தை எடுத்துவிட்டு, 2018-இல் மறுபடியும் கட்டாயமாக்கியது.

இந்தியாவிலும் இந்தக் கதை உண்டு. 2005-இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007-இல் மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகா உள்ளிட்ட பல மாநிலங்கள் அதைத் தடை செய்தன அல்லது நிறுத்திவைத்தன. பாடநூலில் இருந்த படங்கள் ஆபாசம், இது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்றார்கள். அதே நேரத்தில் ஜார்க்கண்ட் 2006-இல் தொடங்கிய 'உடான்' என்ற வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பள்ளிகளில் நடத்திக்கொண்டிருந்தது. தடை செய்தவர்கள் பேசிய அதே பண்பாடு ஜார்க்கண்டிலும் இருந்தது, அந்த மாநிலத்தால் முடிந்தது.

2007-ஆம் ஆண்டு இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்கவேண்டிய ஆண்டு. குழந்தைகள் மீதான வன்முறை பற்றி இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு அப்போதுதான் வெளிவந்தது. அதில் பேசிய குழந்தைகளில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளாகியிருந்தார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது குழந்தை நம்பி அண்டியிருந்தவர்கள். ஆய்வு ஒரு மேசையில், தடை உத்தரவு இன்னொரு மேசையில். இரண்டையும் ஒரே ஆண்டில் பார்த்த பிறகும் தடை நின்றது என்பதை என்னால் இன்னும் ஏற்கமுடியவில்லை.

அதற்குப் பிறகு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. டெல்லி கூட்டு வன்கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013-இல் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டுமென்று பரிந்துரைத்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. 2025 அக்டோபரில், உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவது தாமதம், அதைவிட இளம் வயதிலேயே தொடங்கவேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இந்தக் கடைசிச் செய்தியை ஒவ்வொரு குழுவும் நிறுத்தி நிதானமாகப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் எங்கு பார்த்தாலும் விதிகள் சறுக்கும் இடம் வயதுதான். பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்குகிறது, ஆண் பிள்ளைகளுக்கு 9-இலிருந்து 14-க்குள். ஒன்பது, பத்து வயதிலேயே மாதவிடாய் வந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு 14 வயது. நடக்கப்போவதைச் சொல்லவேண்டிய பாடம், நடந்து முடிந்து நாலைந்து வருடம் கழித்து வருகிறது. வகுப்பில் இரத்தக் கறையைப் பார்த்து, உடம்பில் ஏதோ கிழிந்துவிட்டது என்று அலறும் பெண் பிள்ளைக்கு, பத்தாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் இனப்பெருக்க மண்டலத்தின் வரைபடம் இருக்கிறது என்பது எந்த ஆறுதலும் இல்லை. யுனெஸ்கோவின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டி 5 வயதிலிருந்து தொடங்குகிறது. ஐந்து வயதில் என்ன சொல்லித்தருவார்கள் என்று பதறுகிறவர்கள் அதைத் திறந்து பார்க்கலாம்: உடல் உறுப்புகளின் பெயர், உன் உடம்பை யார் தொடலாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, பிடிக்காதது நடந்தால் நம்பும் பெரியவரிடம் சொல். இவற்றோடு குடும்பம், நட்பு, குழந்தை எப்படி உருவாகிறது என்பதன் எளிய விளக்கம் போன்றவையும் அந்த வயதுக்கு உண்டு.

சொல்லித்தந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். இந்தப் பயத்தை நான் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. பெற்றோர் கூட்டங்களில் கண் கலங்கக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இதற்கு விடை கிடைத்து வெகுநாள் ஆகிவிட்டது. அமெரிக்காவில் 1996-இல், திருமணம்வரை விலகியிருக்கச் சொல்லும் பாடங்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அது பலன் தந்ததா என்று அமெரிக்க நாடாளுமன்றமே ஆய்வு கேட்டது, முடிவு 2007-இல் வந்தது. அந்தப் பாடத்தைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் விலகியிருந்த அளவில் வேறுபாடு இல்லை. முதல் உறவு நேர்ந்த சராசரி வயதுகூட இரு தரப்புக்கும் ஒன்றுதான். மறுபக்கம், முழுமையான பாலியல் கல்வி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, அது பிள்ளைகளை உறவுக்குத் தூண்டுவதில்லை என்கிறது. முதல் உறவைத் தள்ளிப்போடவும், கருத்தடைப் பயன்பாட்டைக் கூட்டவும் பல திட்டங்கள் உதவியிருக்கின்றன. ஒரு பகுதியில் பதின்வயதுக் கர்ப்பம் கூடுவதற்கும் குறைவதற்கும் வறுமை, மருத்துவ வசதி, பெண்களின் படிப்பு என்று பல காரணங்கள் உண்டு, பாடம் ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. பாடத்தால் கெடுதல் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பெற்றோரின் உரிமை பெரிய கேள்வி. அதை நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே எடைபோட்டுவிட்டன. டென்மார்க்கில் பொதுப் பள்ளிகளில் பாலியல் கல்வியை 1970-இல் கட்டாயமாக்கியபோது சில பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். 1976-இல் தீர்ப்பு வந்தது: தகவலை நடுநிலையோடு, விமர்சனப் பார்வையோடு, பல கருத்துகளுக்கும் இடம் கொடுத்துச் சொன்னால், அது பெற்றோரின் உரிமையை மீறுவதாகாது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமும் 1977-இல் ஏறக்குறைய இதையே சொன்னது. பெற்றோரின் ஒப்புதல் தேவையில்லை, ஆனால் என்ன நடத்தப்போகிறோம் என்று அவர்களுக்கு முன்னரே தெரிவிக்கவேண்டும். இந்த இரண்டாவது பாதியை நீங்கள் மறந்துவிடக்கூடாது. பெற்றோரை அழைத்து, பாடப் பொருளைக் கையில் கொடுத்துக் காட்டும் பள்ளிகளில் எதிர்ப்பு பாதியாகக் கரைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம்தான் கோபத்தைக் கிளப்புகிறது.

ஆனால் கையெழுத்து போட்டால்தான் வகுப்பு என்ற விதியை நான் எதிர்க்கிறேன். கடிதத்தைப் பையில் மறந்துவிடும் பிள்ளை, படிக்கத் தெரியாத பெற்றோர், இரவு வேலைக்குப் போகும் அம்மா, வீட்டில் யாரும் கவனிக்காத பிள்ளை: இவர்களெல்லாம் மறுப்புச் சொன்னவர்கள் இல்லை, ஆனால் வகுப்புக்கு வெளியே நிற்பார்கள். வீட்டுக்குள்ளேயே அத்துமீறல் நடந்தால், அதைச் செய்கிறவரே அந்தக் கடிதத்தில் கையெழுத்திட மறுப்பவராகவும் இருக்கக்கூடும். விலக்கு கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கட்டும். கேட்காதவரின் பிள்ளை உள்ளே இருப்பதுதான் இயல்பான ஏற்பாடாக இருக்கவேண்டும். அப்புறம், தன்னைக் காத்துக்கொள்ளும் பகுதிக்கு எந்த விலக்கும் கூடாது.

இது நடக்கக்கூடியதுதான். எரின் மெர்ரின் என்ற அமெரிக்கப் பெண், குழந்தைப் பருவத்தில் தனக்கு நேர்ந்த அத்துமீறலை வெளியில் சொல்லி, பாலியல் வன்முறைத் தடுப்புக் கல்வியைப் பள்ளிகளில் கொண்டுவரவேண்டும் என்று மாநிலம் மாநிலமாகப் போய்ப் பேசினார். இலினாய்ஸில் தொடங்கிய அந்தச் சட்டத்தை இன்று 35-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. முழுமையான பாலியல் கல்வியை ஏற்காத மாநிலங்களும் அவற்றில் உண்டு. ஆஸ்திரேலியாவில் சானல் கான்டோஸ் 2021-இல் தொடங்கிய கோரிக்கை மனுவின் தொடர்ச்சியாக, சம்மதம் என்றால் என்ன என்பதை எல்லா மாநிலப் பள்ளிகளிலும் கட்டாயம் நடத்துவதென்று 2022 பிப்ரவரியில் கல்வி அமைச்சர்கள் ஒன்றாக முடிவெடுத்தார்கள். கட்சியும் மாநிலமும் வேறுவேறாக இருந்தும் அந்த மேசையில் ஒத்துப்போகமுடிந்தது.

கட்டாயம் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாகவேண்டும். பிரான்சில் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வகுப்புகள் நடத்தச் சொன்னது. இருபது ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த மூன்று வகுப்புகள் கிடைக்கவில்லை. 2023-இல் தொண்டு அமைப்புகள் அரசின்மேல் வழக்குப் போடும் அளவுக்குப் போனது. 2025-இல்தான் வகுப்புவாரியான பாடத்திட்டமே வந்தது. யுனெஸ்கோவின் 2021 அறிக்கைப்படி 155 நாடுகளில் 85 சதவீதம் இது தொடர்பான சட்டமோ கொள்கையோ வைத்திருப்பதாகச் சொல்கின்றன. அந்த எண்ணைப் பார்த்து நான் மகிழவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி கிடையாது, கால அட்டவணையில் பீரியட் கிடையாது, தேர்வில் கேள்வி வராது என்றால், கூச்சப்படும் ஆசிரியர் அந்த அத்தியாயத்தை 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லித் தாண்டிவிடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. புகார் வந்தால் பள்ளி தன் பக்கம் நிற்கும் என்ற உறுதியும் அவருக்கு இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. உங்கள் பகுதியின் நம்பிக்கைகளுக்கு ஏற்பப் பாடத்தின் நடையை, உதாரணங்களை, ஆண் பெண் சேர்ந்து உட்காருவதா தனித்தனியாகவா என்பதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உறுப்புகளின் சரியான பெயர்களும், தவறான தொடுதலை யாரிடம் சொல்வது என்பதும் தொடக்கப் பள்ளியின் முதல் ஆண்டுகளிலேயே வந்துவிட வேண்டும். பருவ மாற்றம் பற்றி ஆண் பெண் இருவருக்கும், அது தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பதின்வயதில் சம்மதம், கருத்தடை, பால்வினை நோய், இணையத்தில் படம் கேட்டு மிரட்டுபவர்களைச் சமாளிப்பது ஆகியவை இருக்க வேண்டும். சொல்வது எதுவானாலும் ஒரு மருத்துவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். இதை நடத்தும் ஆசிரியருக்குப் பணிக்காலப் பயிற்சியும், புகார் வந்தால் துணை நிற்கும் எழுத்துபூர்வமான உத்தரவும் கொடுங்கள். எத்தனை பள்ளிகளில் உண்மையில் நடந்தது என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். 1955-இலேயே நாடு முழுவதும் கட்டாயமாக்கிய ஸ்வீடன், அதன்பின் பலமுறை தன் பாடத்திட்டத்தைத் திருத்தியிருக்கிறது. உங்களுடையதும் ஒரே தடவையில் முழுமையாக அமைந்துவிட வேண்டியதில்லை, தொடங்கினால் போதும்.

அடுத்த முறை குழு கூடும்போது வகுப்புவாரி அட்டவணையை மேசையில் விரியுங்கள். மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், வேலையை அந்த மூன்று வரிகளிலிருந்து தொடங்குங்கள். வரைவு தயாரானதும் எங்களைப் போன்ற வகுப்பறை ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள், படித்துக் கருத்துச் சொல்லக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை